காட்டேரிக்குக் காவல் வேலை

ஏண்டா பேராண்டி, லீவுக்குத் திருத்துறைப்பூண்டி வந்தவன் முள்ளியாத்துல ஒரு முழுக்குப் போடுவேன்னு பாத்தா, திண்ணையில குந்தி, உங்க வேசங்கட்டி ஆடற ஆட்டத்துக்காக ரத்தங்குடிக்கிற பேய்ங்களுக்கு வம்சாவளி எழுதிக்கிட்டிருக்கே. அதுவும் மெய்க்காவல் வம்சமாம். ராசா பின்னாடி நிக்கணும், அவருக்கு விழற வெட்டைத் தான் வாங்கணும், கூலி ரத்தமாம். நல்ல உத்தியோகந்தான். ஆனா ஆளை மட்டும் ருமேனியாவுலேருந்து எறக்கறே பாரு, அதான் சிரிப்பு வருது. 1897ல டிராகுலாவை எழுதின பிராம் ஸ்டோக்கரே அந்த ஊரை எட்டிப் பாத்ததில்ல. நீ ஏன் அலையறே?

நம்ம ஐயனாரைப் பாரு. அவரு சைவம். கூட நிக்கிற முனி, கருப்பு, காட்டேரி இவங்களுக்குத்தான் கிடாயும் சேவலும். வெட்டு விழற நேரத்துக்கு ஐயனாரு முன்னாடி திரையைக் கட்டிடுவாங்க. எசமான் பாக்கலேன்னா எதுவும் நடக்கலேன்னு அர்த்தம். உன் அமெரிக்காக்காரன் 1991ல ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’னு ஒரு ஆட்டம் போட்டு, பேய்ங்க மனுசங்க கண்ணுல படாம வாழணும்னு அதுல பக்கம் பக்கமா சட்டம் வெச்சானாம். நம்ம பூசாரி அதை ஒரு வேட்டியில முடிச்சிட்டாரு.

உன் பேய்க்கு வெயில் ஆகாதா? திருச்சி புத்தூர் குழுமாயி அம்மன் கோயில் குட்டிக்குடிக்குப் போய்ப் பாரு. மருளாளி ஆட்டுக்குட்டி கழுத்துல வாய் வெச்சே ரத்தம் குடிப்பாரு, அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல. இந்தப் பக்கத்து ஊருங்கள்ல இன்னொரு விதம். நடுச்சாமத்துல ரத்தத்தைச் சோத்துல பெசஞ்சு எல்லையில நின்னு மேல எறிவாங்க. எறிஞ்ச சோறு கீழ விழாதும்பாங்க. திரும்பிப் பாக்கவும் கூடாதும்பாங்க. அதனால விழுந்துச்சான்னு பாத்தவன் ஒருத்தனும் இல்ல.

இந்தப் படியளப்பையும் ஒருதரம் நிறுத்திப் பாத்தாங்க. 1950ம் வருசத்து உயிர்ப்பலித் தடைச் சட்டம் ஒண்ணு தூங்கிக்கிட்டிருந்திச்சு. அதை 2003 ஆகஸ்டுல தட்டி எழுப்பி, கிடா வெட்டினா கேசுன்னுட்டாங்க. காவக்காரன் அத்தனை பேரும் சக்கரைப் பொங்கலுக்கு வந்தாச்சு. 2004 பிப்ரவரியில அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க, அந்த வருசம் எலெக்‌ஷன் வேற. முனிக்கு ஓட்டு இல்லதான், ஆனா கிடா வாங்கித் தர்றவனுக்கு இருக்குல்ல?

உன் நோட்டுல ஒரு எடம் மட்டும் எனக்கு ஒப்பலடா. மூணு தரம் எசமான் ரத்தத்தைக் குடிச்சிட்டா காவக்காரன் அவருக்கே அடிமை, வாயே தொறக்கமாட்டான்னு எழுதியிருக்கே. அமெரிக்காக்காரன் விதியாம். அவனுக்கு வேளைக்காரப் படையைத் தெரியாது, உனக்குமா தெரியாது? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராசராசனோட வேளைக்காரப் படைங்க பேரு வரிசையா நிக்குது. உசிரைக் குடுக்கறேன்னு சத்தியம் பண்ணின ஆளுங்க. புள்ளமங்கைக் கோயில் துர்க்கை பக்கத்துச் சிலையில ஒருத்தன் தன் தலையைத் தானே அறுக்கறான் பாரு, அந்தக் காலத்து வீரம் அப்படி. பாண்டிய நாட்டுலயும் இதே கதைதான். ராசா செத்தா கூட இருந்தவங்க அதே தீயில விழுவாங்கன்னு மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்கான்.

அந்த வேளைக்காரங்க இலங்கையிலயும் வேலை பாத்தாங்க. மொதலாம் விசயபாகு ராசா பொலன்னறுவையிலேருந்து ஆண்ட காலம். அவரு அனுப்பின தூதனுங்களோட மூக்கையும் காதையும் சோழன் அறுத்து விட்டானாம். ராசாவுக்கு வந்திச்சு கோவம். சோழன் மேல படையெடுங்கன்னாரு. உசிரைக் கேளு தர்றோம், சோழன் மேல மட்டும் போகமாட்டோம்னு நின்னுட்டாங்க இவங்க. நின்னதோட விட்டாங்களா? தளபதிங்களை வெட்டி, ராசா தங்கச்சியையும் அவ புள்ளைங்க மூணு பேரையும் புடிச்சுக்கிட்டு, அரண்மனைக்கே தீ வெச்சிட்டாங்க. ராசா தப்பிச்சு ஓடி, பெறகு படையோட திரும்பி வந்து, முன்ன நின்னவங்களைச் செத்த தளபதிங்களோட சிதைகிட்டயே சங்கிலியில கட்டித் தண்டிச்சாரு. மகாவம்சத்தைத் தொடர்ந்து வந்த சூளவம்சம் சொல்ற கதை இது.

கூத்தைக் கேளு. விசயபாகு போன பின்னாடி புத்தரோட பல் இருந்த கோயிலுக்குக் காவல் யாருன்னா, மறுபடி வேளைக்காரங்கதான்! கோயிலுக்கே ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ன்னு தங்க பேரைச் சூட்டி, காப்போம்னு தமிழ்ல கல்லு வெட்டியிருக்காங்க. பொலன்னறுவையில இன்னும் நிக்குது. தீ வெச்ச கூட்டத்துக்கிட்டயே சாவியைக் குடுத்திருக்காங்கன்னா, அவங்களை விட்டா அந்த வேலைக்கு ஆள் அகப்படலன்னுதானே?

அதனால அந்த மூணு மடக்கு விதியை அடிச்சிடு. ஒவ்வொரு காவக்காரனுக்கும் ஒரு எல்லை போடு. முனிக்கு ஓட்டம்னு போற தடம் ஒண்ணு இருக்கற மாதிரி, அந்தத் தடத்துல ராசா அரண்மனையே கட்டினாலும் அவன் வெலகமாட்டான். கூலி எப்ப, யாரு கையால, எத்தனை ராத்திரி பாக்கி விழுந்தா எசமான் கழுத்துப் பக்கம் திரும்புவான், அதையும் எழுது. அப்புறம் ஒரு பேரு. எந்த எதிரி மேல மட்டும் கை ஓங்கமாட்டான்னு காவக்காரனே ஒரு சீட்டுல எழுதி மடிச்சு வெச்சுக்கட்டும், ராசாவா ஆடறவனுக்குக் காட்டவேணாம். பத்தாவது ராத்திரி அந்த எதிரியைக் கோட்டை வாசல்ல கொண்டாந்து நிறுத்து. ராசாவா ஆடறது உன் மச்சானா? அப்ப ஒம்பதாவது ராத்திரியே நிறுத்து.