மூன்று டன் சூடு

ஒட்டாவாவின் மேற்கு ஓரத்தில், எரிவாயுக் குழாய் இன்னும் எட்டிப் பார்க்காத ஒரு தெருவில் காணி வாங்கினால், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: வீட்டை எதை வைத்துச் சூடாக்கப் போகிறாய்? புரொப்பேன் தாங்கி வைக்கலாம். வெறும் மின்சார ஹீற்றரைப் போட்டுவிட்டு மாதாமாதம் பில்லைப் பார்த்து வியர்க்கலாம்; அதுவும் ஒரு வகைச் சூடுதான். நானும் மனைவியும் ஹீற் பம்ப் என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது நாங்கள் இரண்டு பேர். கருத்துச் சொன்னது கனடா முழுவதும் பரந்து கிடக்கும் சொந்தபந்தம்.

முதல் எதிர்ப்பு மாமாவிடமிருந்து வந்தது. மாமா வடமராட்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவர். என் மனைவிக்குத் தகப்பன் என்பதைவிட, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்குக் காவலர் என்றால்தான் பொருந்தும்.

“வெளியிலை மைனஸ் இருபத்தைஞ்சு. உள்ளுக்கை இருபத்தொண்டு. வெளிச் சூட்டை உள்ளுக்கு இழுக்கப் போறியளோ? வெப்பம் குளிரிலையிருந்து சூட்டுக்குத் தானாப் போகாது தம்பி.”

“தானாப் போகாது மாமா. கரண்டுக்குக் காசு கட்டினாப் போகும்.”

மாமா பேசாமல் எழுந்து போனார். ஆனால் படிப்பித்த மனம் சும்மா கிடக்குமா? கெல்வின் பிரபு, வெறும் வில்லியம் தொம்சனாக இருந்த 1852ஆம் ஆண்டிலேயே, இப்படியொரு பொறியால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எழுதிவைத்த செய்தி அவருக்கு எங்கேயோ அகப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து யந்திரத்துக்கு அவர்தான் வக்கீல். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு நடந்தது.

“மைனஸ் இருபத்தைஞ்சைக் கெல்வினிலை பார். 248. கொழும்பு வெயில் என்ன? 303. அப்ப கொழும்பு வெக்கையிலை அஞ்சிலை நாலு பங்கு இஞ்சை வெளியிலை கிடக்கு!”

கேட்டவர்கள் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு “ஓம் சேர்” என்றார்கள்.

யந்திரம் என்னவோ எளிமையானதுதான். பிரிஜ் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிப் பின்பக்கம் தள்ளுகிறது. இது ஊரின் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளுகிறது. உள்ளே ஓடும் குளிரூட்டிக்குச் சாதாரண அமுக்கத்தில் கொதிநிலை மைனஸ் ஐம்பதுக்குக் கிட்ட. அதற்கு ஒட்டாவாவின் தை மாதம் பங்குனி வெயில் மாதிரி. மென்குளிர் நாளில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு சூடு தரும். மைனஸ் இருபத்தைந்தில் ஒன்றரை, நல்ல யந்திரமென்றால் இரண்டு. வெறும் ஹீற்றர் எந்த நாளிலும் ஒன்றுக்கு ஒன்றுதான்.

அடுத்தது அளவு. சண்டை இங்கேதான் தொடங்கியது.

விலை சொல்ல வந்த ஒருவர் வரைபடத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “எத்தனை சதுர அடி? 2,200? அஞ்சு டன்” என்றார். ஸ்காபரோ அத்தானும் தொலைபேசியில் அதையே சொன்னார்: “அஞ்சைப் போடு. குளிர் நாட்டிலை கஞ்சப்படக் கூடாது.” இந்த டன் ஒரு விசித்திரமான கணக்கு. ஒரு டன் ஐஸை ஒரு நாளில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு. ஐஸ் விற்ற காலத்து அளவுகோல். வருடத்தில் நாலு மாதம் ஐஸுக்குள் கிடக்கும் ஊரில், வீட்டுச் சூட்டை இன்றைக்கும் அதைக் கொண்டே அளக்கிறோம்.

ஒன்ராறியோவில் புது வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது, எஃப்280 என்ற தரமுறைப்படி வெப்ப இழப்புக் கணக்கையும் கொடுக்க வேண்டும். அதைச் செய்துதந்த இளம்பெண், சுவர், கூரை, யன்னல், காற்றுக் கசிவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, மைனஸ் 25இல் எங்கள் வீடு இழக்கும் சூடு ஒன்பதரை கிலோவாற் என்றாள். டன்னில் சொன்னால் மூன்றுக்கும் குறைவு.

“ஏன் மைனஸ் 25? சில வருஷம் முப்பதுக்கும் கீழே போகுமே” என்று கேட்டேன்.

ஜனவரி மாதத்து மணித்தியாலங்களில் இரண்டரை வீதம் மட்டுமே அதற்குக் கீழே போகும் என்று வைத்த அளவு அது. கணக்குப் பார்த்தால் மாதம் முழுவதற்கும் ஏறத்தாழ பத்தொன்பது மணித்தியாலம். அந்தப் பத்தொன்பது மணித்தியாலத்துக்காக மற்ற நாளெல்லாம் பெரிய யந்திரத்தைக் கட்டி மேய்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எங்களுடைய ஆட்களுக்கு அளவென்றால் பந்திக் கணக்கு: நூறு பேரென்றால் நூற்றைம்பது பேருக்குச் சமை, மிஞ்சலாம், குறையக் கூடாது. சோறு மிஞ்சினால் பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பலாம். சூட்டை யாரிடம் கொடுத்து அனுப்புவது? வெளியே ஐந்து பாகை இருக்கும் நாளில் வீட்டுக்குத் தேவை ஒரு டன்கூட இல்லை. ஐந்து டன் யந்திரத்துக்கு அவ்வளவு மெதுவாக ஓடவே தெரியாது. கொஞ்ச நேரம் முழங்கிவிட்டு நிற்கும்; வீடு குளிர்ந்ததும் மறுபடி முழங்கும். அறைகள் வெந்தும் விறைத்தும் கிடக்க, கொம்பிரசர் வயதுக்கு முன்பே மூப்படையும்.

ஆக, மூன்று டன். அந்தச் சில மணித்தியாலங்களில் குறைகிற கொஞ்சச் சூட்டுக்கும் அத்தானின் மன அமைதிக்கும் ஒரு மின்சாரக் கம்பிச்சுருள். அந்தப் பெண்ணிடம் நான் இன்னொரு யோசனையும் சொல்லிப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நூறு வாற் அளவுக்குச் சூடு விடுகிறான். தைப்பொங்கல் வருவதோ கடுங்குளிரில். முப்பது பேர் வந்தால் மூன்று கிலோவாற், கிட்டத்தட்ட வீட்டுத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, கறண்ட் செலவே இல்லாமல். சொந்தக்காரரை நம்பி யந்திரம் தெரிவு செய்யக் கூடாது என்று அவள் மிக மரியாதையாக மறுத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, “சமையலறைப் புகைக்கு என்ன விசிறி?” என்றாள்.

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை டன்னும் கெல்வினும் பேசிய சபையில் அவருக்கு வேலை இருக்கவில்லை. “நல்ல பெரிசாப் போடச் சொல்லு. கருவாடு பொரிச்சால் கோட்டு சூட்டெல்லாம் மணக்குது.”

நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கும் விசிறி என்றேன். அவள் கணக்குப் போட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மைனஸ் 25இல் அந்த விசிறி வெளியே கொட்டும் சூடு பதினைந்து கிலோவாற்றுக்கும் மேல். முழு வீடும், கூரையும் சுவரும் யன்னலும் சேர்ந்து இழப்பது ஒன்பதரை. ஒரு கருவாட்டுத் துண்டு வீட்டை வென்றுவிட்டது.

அத்தோடு முடியவில்லை. புது வீடு காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டியது. விசிறி அவ்வளவு காற்றை வெளியே இழுத்தால் அதே அளவு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாசல் கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டும். வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்று வீட்டில் உண்டுதான். எண்ணெய்ப் புகையை அதற்குள் விட்டால் அது கருவாட்டுப் பெட்டியாகிவிடும். ஆகவே விசிறி திறந்தால் தானும் திறந்துகொள்ளும் ஒரு காற்றுவழி, அந்தக் காற்றைச் சூடாக்கத் தனி ஹீற்றர்.

“தூள் வறுக்கேக்கை?” என்றார் மாமி.

தூள் வறுப்பது ஆடி மாதத்தில், கராஜில், கதவைத் திறந்துவைத்து என்று உடன்பாடு. ஒட்டாவாத் தமிழர் பலர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். எந்தத் தரமுறையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாமாவின் கவலை மின்வெட்டு. 2022 மே மாதத்துச் சூறாவளிக் காற்றில் ஒட்டாவாவில் நாட்கணக்காக மின்சாரமில்லாமல் கிடந்த வீடுகளை அவர் மறக்கவில்லை. விறகு அடுப்பு ஒன்று உண்டு என்றதும் அடங்கினார். இப்போது விறகு எந்த மரமென்று ஆராய்கிறார்.

மிஞ்சியிருப்பது வெளியே நிற்கும் பெட்டியை எங்கே வைப்பது என்பது. பனி மூடாத உயரத்தில் பீடத்துக்கு மேல் நிற்க வேண்டும். குளிர்காலத்து வடமேல் காற்று அறையாத பக்கமாக இருந்தால் நல்லது. அந்தப் பெண் தென்கிழக்கு மூலையைக் காட்டினாள். அக்கினி மூலை! மாமி அவளை முதல்முறையாகப் பாசத்தோடு பார்த்தார். ஆனால் சமையலறையும் அதே மூலையில்தான். விசிறியின் எண்ணெய்ப் புகை யந்திரத்தின் தகட்டில் படியக் கூடாது, இரண்டும் விலகி நிற்க வேண்டும் என்றாள். பாசம் குறைந்தது.

“உந்தப் பெட்டி வெளிப்பக்கம் சூடு விடுமோ?” என்று கேட்டார் மாமி.

“இல்லை மாமி, குளிர்காத்துத்தான் விடும். தகட்டிலை பனி பிடிச்சால் அதை உருக்கித் தண்ணியாக் கொட்டும்.”

“பிறகென்ன? தண்ணி கொட்டுற சாமானை ஈசான மூலையிலை வை. அடுப்பு இருந்த இடத்திலை இருக்கட்டும்.”

ஈசான மூலைக்கு மேலேதான் மாமாவின் படுக்கையறை. மாமா கெல்வினை விட்டுவிட்டு, இப்போது டெசிபெல் படித்துக்கொண்டிருக்கிறார்.