ஒரு மாங்காய்க்கு எத்தனை நோடு? – ஓர் ஆய்வு

புள்ளியியல் என்ற அருமையான பெயரைக் கணக்குக்காரர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். ஆகவே கோரல் டிரா என்னும் வரைகலை மென்பொருளில் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டிச் சதுரங்களை ஆராயும் இத்துறைக்கு 'நோடியல்' என்று பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. அச்சகங்களில் அதற்கு நோடு என்றுதான் பெயர். 'கணு' என்று தூய தமிழில் கேட்டால் கரும்புக் கடைக்கு வழி காட்டுவார்கள்.

துறையின் வரலாறு கார் பட்டறையில் தொடங்குகிறது. 1959இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனத்தில் போல் த காஸ்தெல்ஜோ என்பவர், நோடுக்கு நோடு கோடு வளையும் இந்த வளைவின் கணக்கைக் கண்டறிந்தார். நிறுவனம் அதைத் தொழில் ரகசியம் என்று பூட்டி வைத்தது. 1960களில் எதிர்க்கடையான ரெனோவில் பியேர் பெசியே தம் வழியில் அதே வளைவுக்கு வந்து, அதை வெளியிலும் சொன்னார். வாய் திறந்த புண்ணியம், உலகம் அதைப் பெசியே வளைவு என்கிறது.

நோடு மூவகைப்படும். கோட்டை வளைக்க நோடிலிருந்து இரு பக்கமும் நீளும் கைப்பிடிகள் ஒரே அளவில், ஒரே நேர்கோட்டில் நின்றால் அது காவடி. நேர்கோடு குலையாமல் ஒரு கை நீண்டு மறு கை குறுகினால் கிணற்று ஏற்றம். ஒன்றை இழுத்தால் மற்றது கண்டுகொள்ளாமல் இருந்தால், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி. மென்பொருள்காரர்கள் இவற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது எதற்கு?

கவனிக்க வேண்டியது, கோடு நோடு வழியே போகும், கைப்பிடியின் நுனியைத் தொடாது. தொடாமலே அதற்காக வளையும். சிக்குக் கோலத்திலும் கம்பி புள்ளியைத் தீண்டாமல்தான் வளைகிறது. எனவே கோலப்புள்ளிக்கு உறவு நோடு அல்ல, கைப்பிடி நுனியே என்பது இக்கட்டுரையாளரின் முடிபு. மறுப்போர் மார்கழியில் வாசலுக்கு வந்து வாதிடலாம்.

இனி தலைப்புக்கு வருவோம். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு நோடு போதும். கைப்பிடி நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு இருந்தால், ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் பிழை கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். வட்டத்துக்கே நான்கு என்றால் மாங்காய்க்கு எத்தனை?

சோதனை தற்செயலாக நடந்தது. தங்கை மகள் தன் கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் தன் பட்டுப்புடவையின் மாங்காய் வடிவமே வர வேண்டும் என்றாள். போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரையே கோடு எடுக்கச் சொல்லி, பெருமையோடு அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே கோரல் பார்க்கும் பெண், நோடுகளைக் காட்டும் எஃப்10 விசையைத் தட்டினாள். மாங்காயைச் சுற்றி இருநூறுக்குக் குறையாத நோடுகள் முளைத்தன.

"சார், இது மாங்காய் இல்ல, பலாக்காய்."

"நானே அழிக்கட்டுமாம்மா?" என்று எலியை வாங்கினேன். நோடின் மேல் இரண்டு தட்டு தட்டினால் அது மறையும். மயிரிழை விலகிக் கோட்டில் தட்டினால் புதிது பிறக்கும். பத்து நிமிடக் கடும் உழைப்பில் பலா மேலும் காய்த்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் எலியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைந்தாள். நுனியில் ஒரு கூர்நோடு. மேல், கீழ், இடம், வலம் என வளைவு திரும்பும் இடங்களில் நான்கு. ஆக ஐந்து. இருநூறு நோடைப் போட்ட கம்ப்யூட்டர் காசு கேட்கவில்லை. ஐந்தில் முடித்தவளுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். கேட்டது ஐம்பதுதான்.

பத்திரிகை அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சின்னமோ மாங்காயோ, வாட்ஸப்பில் படமாக அனுப்பாதீர்கள், அதிலிருந்து கோடு எடுத்தால் பலாதான் காய்க்கும். கோடாக வரைந்த மூலக் கோப்பு எங்கே என்று வீட்டில் தேடிப் பாருங்கள்.