‘அப்ளை பண்ணிட்டிருக்கேன்’ ஆசாமி

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு இருபத்து மூன்றிலிருந்து இருபத்தேழு வயதுக்குள் இருக்கும். “தம்பி என்ன பண்றீங்க?” என்று பேச்சுக்குக் கேட்டுவைக்கிறீர்கள். ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த கை நிற்கிறது. “பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணிட்டிருக்கேன் அங்கிள்” என்று பதில் வருகிறது. எதில் என்றால், “லைஃப் சயின்ஸ்.” எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாயசம் வந்து, பீடா வந்து, மொய் எழுதித் தாம்பூலப் பையோடு நீங்கள் ஆட்டோ ஏறினாலும் அந்தப் பதில் முடிந்திருக்காது.

படிக்கிறேன் என்றால் காலேஜ் பேரைச் சொல்ல வேண்டும். வேலை பார்க்கிறேன் என்றால் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். சும்மா இருக்கிறேன் என்றால் அம்மா முகம் சுண்டிவிடும். மூன்றிலிருந்தும் தப்பிக்க ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. நம்மவர் அதை முழுநேர உத்தியோகமாகவே பார்க்கிறார். சம்பளம் கிடையாது, ராத்திரி ஷிஃப்ட் உண்டு.

பூர்விகத்தை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதை. ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்தது டாக்டராவதற்கு. நீட் மார்க் வந்த அன்றைக்கு எம்.பி.பி.எஸ். போயிற்று. கவுன்சலிங் முடிவதற்குள் பல் டாக்டர், மாட்டு டாக்டர், சித்தா, அக்ரி எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மிச்சமிருந்தது பக்கத்து டவுன் காலேஜில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. “இதுக்கும் வெள்ளைக் கோட்டுதானே போடணும்?” என்று அத்தை ஆறுதல் சொன்னார். அப்புறம் எம்.எஸ்ஸி. அதையும் முடித்த பிறகுதான், பேருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட இன்னொரு வழி இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிந்தது.

இதை வீட்டில் விளக்குவதுதான் முதல் வைவா. “ஃபீஸ் எவ்வளவுப்பா?” என்பார் பெரியப்பா.

“ஃபீஸ் பெரிசா இல்ல பெரியப்பா. அவங்கதான் நமக்குப் பணம் தருவாங்க. ஜே.ஆர்.எஃப்.னு ஒரு ஃபெலோஷிப் கிடைச்சா மாசம் 37,000 ரூபாய். வாடகைப்படி தனி.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றுவார். “படிக்கிறதுக்கு அவன் காசு தர்றானா? எதுலயும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டு.”

அந்த ஜே.ஆர்.எஃப்.புக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுத வேண்டும். லைஃப் சயின்ஸ் தாளில் 145 கேள்விகள் இருக்கும். அவற்றில் 75-க்கு மேல் பதில் எழுத முடியாது. தப்பாகப் போனால் உள்ளதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். எதைத் தொடுவது, எதை விடுவது என்பதில்தான் பாதிப் பரீட்சை இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் 70 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குகிற நம்மவருக்கு, வெளியே வந்தால் ஜெர்மனியா, அமெரிக்காவா, பெங்களூரா என்கிற மூன்றில் ஒன்றைக்கூட ஒதுக்கத் தெரியாது.

கடைசியாக எந்த சீனியர் போனில் பேசினாரோ, அந்த நாட்டுக்கு அன்றிரவே மனத்தளவில் குடிபோய்விடுவார். “ஜெர்மனியில பிஎச்.டி.ன்னா படிப்பு இல்லடா, வேலை. கான்ட்ராக்ட் போட்டு சம்பளம் குடுப்பான்” என்று ஓர் அண்ணன் சொன்னால், மறுநாள் காலையில் தோசைக்கு ‘டாங்கே’ சொல்கிறார். அடுத்த வாரம் அமெரிக்காவிலிருந்து ஓர் அக்கா: “இங்க முதல் வருஷம் ரெண்டு மூணு லேப்ல ரொட்டேஷன் பண்ணுவோம். பிடிச்ச லேப்ல அப்புறம் சேர்ந்துக்கலாம்.” இவருக்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. சேர்ந்த பிறகும் ஒரு வருஷம் முடிவெடுக்காமல் இருக்கலாம்!

இரண்டாவது வருஷமும் ஒன்றும் அமையாதபோது அப்பா லேசாக இருமுவார். அதற்கு நம்மவர் கையில் ஓர் அஸ்திரம் உண்டு. “வெங்கி ராமகிருஷ்ணன் தெரியுமாப்பா? சிதம்பரத்துல பொறந்தவர். ஃபிசிக்ஸ்ல பிஎச்.டி. முடிச்சிட்டு, பயாலஜி படிக்கணும்னு சான் டியாகோவுல மறுபடியும் மாணவரா போய் உக்காந்தார். 2009-ல நோபல்!”

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார்: “அவர் முதல் படிப்ப முடிச்சிட்டுத்தானேடா ரெண்டாவதுக்குப் போனாரு? நீ முதல்லயே நிக்கிறியே.”

இந்த இனத்தில் பெண்களின் பாடு இன்னும் சிக்கல். ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும், வரன் அவ்வளவு நாள் செல்லாது. அவர்கள் எடுக்கும் அஸ்திரம் ஜானகி அம்மாள். மெட்ராஸில் படித்து, மிச்சிகன் போய், 1931-லேயே தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். திரும்பி வந்து கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். பேத்தி இதை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பாள். பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?” என்பார். பண்ணிக்கொள்ளவில்லை. பேச்சு அத்தோடு சமையலறைக்குப் போய்விடும்.

அடுத்தது பேராசிரியர்களுக்கு மெயில் போடும் படலம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பிக்கும், பெறுகிறவர் மேடமாக இருந்தாலும். ‘தங்கள் ஆராய்ச்சி என் மனத்தை வெகுவாகக் கவர்ந்தது’ என்பது இரண்டாவது வரி. கவரப்படுவதில் நம்மவருக்குப் பாரபட்சம் கிடையாது. காலையில் ஜீப்ராஃபிஷ்ஷின் இதயம் கவர்கிறது, மத்தியானம் அராபிடாப்சிஸ் செடியின் வேர், ராத்திரி சாப்பிட்ட பிறகு ஈஸ்ட். ஆராய்ச்சித் தலைப்பை மட்டும் அந்தந்த லேபின் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டுவதால், அந்த ஒரு வரி வேறு ஃபான்ட்டில், லேசான சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். பழ ஈயின் தூக்கத்தை ஆராய்கிறவருக்குப் போன மெயிலில், முந்தைய ஆளின் நெல் பயிர் அப்படியே நின்றுகொண்டிருந்ததும் உண்டு.

எப்போதாவது பதில் வரும். ‘ப்ளீஸ் அப்ளை த்ரூ த போர்ட்டல்.’ அவ்வளவுதான், ஒற்றை வரி. ஸ்கிரீன்ஷாட் உடனே வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும்: “மச்சி, பாசிட்டிவ் ரிப்ளை!” குரூப் கூடிப் பொழிப்புரை எழுதும். “ப்ளீஸ்னு போட்டிருக்கார் பாரு. இன்ட்ரஸ்ட் இல்லாதவர் ப்ளீஸ் போடுவாரா?” “ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பியிருக்கார்டா. உன்னைப் பத்தி யோசிச்சிருக்கார்.” அங்கே அப்போது மத்தியானம் என்பது யாருக்கும் தோன்றாது.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். கைடு ஒன்று, எச்.ஓ.டி. ஒன்று, மூன்றாவது ஆளைப் பிடிப்பதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். பிடித்தாலும், “நீயே டிராஃப்ட் பண்ணிட்டு வாப்பா, பார்த்து அனுப்பிடறேன்” என்பார். தன்னைத் தானே புகழ்ந்து எழுத உட்காரும்போதுதான் நம்மவருக்குள் ஒரு கூச்சம் வருகிறது. ‘நான் கண்ட மாணவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் ஒருவன்’ என்று எழுதுகிறார். மனசாட்சி உறுத்த, ஐந்தைப் பத்தாக்குகிறார். பேராசிரியர் படித்துப் பார்த்து, “பத்தா? அஞ்சுன்னு போடு. எல்லாரும் அஞ்சுதான் போடறாங்க” என்று திருத்துகிறார். மூன்று கடிதமும் ஒரே கை என்று தெரிந்துவிடக் கூடாதே என மூன்றுக்கும் மூன்று ஃபான்ட். ஸ்பெல்லிங் மிஸ்டேக் மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்.

விண்ணப்பப் படிவம் இன்னொரு கண்டம். ‘ஃபேமிலி நேம்’ என்று கேட்கும். நமக்கு உள்ளது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியபோது அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விளைவு, அமெரிக்காவிலிருந்து வரும் மெயில் எல்லாம் ‘டியர் மிஸ்டர்’ போட்டு அப்பாவைத்தான் கூப்பிடுகின்றன. எட்டாம் வகுப்போடு நின்ற அப்பா, வரிசையாகப் பல பல்கலைக்கழகங்களால் வருத்தத்துடன் நிராகரிக்கப்படுகிறார்.

டிரான்ஸ்கிரிப்ட்டுக்காகப் பரீட்சைப் பிரிவுக்கு நடக்கும் நடை சொல்லி மாளாது. சலான் கட்டி, ஜெராக்ஸ் எடுத்து, கவரை ஒட்டிய இடத்தில் சீல் வைத்து வாங்க வேண்டும். சீல் இருக்கும் அன்று கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங்கில் இருப்பார். அவர் வந்த அன்று சீல் பீரோவுக்குள் இருக்கும், சாவிக்காரர் லீவில் இருப்பார். இவ்வளவுக்கும் கடைசித் தேதி டிசம்பர் 1, கிழக்கு அமெரிக்க நேரம் இரவு 11.59. நமக்கு அது 2-ஆம் தேதி காலை 10.29. அந்த அரை நாள் சலுகையை நம்பி நம்மவர் 10.20 வரை கமாவைத் திருத்திக்கொண்டிருப்பார். கார்டு ஓ.டி.பி. அப்பாவின் போனுக்கு வரும். அப்பா அப்போது பேங்க் க்யூவில் இருப்பார், போன் சைலன்ட்டில் இருக்கும்.

இத்தனைக்கும் நடுநாயகம் எஸ்.ஓ.பி. எனப்படும் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்’. ஏன் இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கத்தில் சொல்ல வேண்டும். ‘சின்ன வயதிலிருந்தே உயிர்களின் மர்மம் என்னை ஈர்த்தது’ என்று அது தொடங்கும். சின்ன வயதில் இவரை ஈர்த்தது டென்னிஸ் பால் கிரிக்கெட் என்பது தெருவுக்கே தெரியும். அடுத்த வரியில் தாத்தாவின் தோட்டமும் ஒரு பட்டாம்பூச்சியும் வரும். தாத்தாவுக்குத் தோட்டம் கிடையாது, ரேஷன் கடையில் பில் போட்டவர். நீட் கிடைக்காமல் வந்தேன், வந்த இடத்தில் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டேன் என்று எழுத அந்த ஃபார்மட்டில் இடமில்லை.

மாட்டிக்கொண்டது உண்மை. எங்கள் தெருவில் இருக்கும் இந்த ஆசாமியின் எம்.எஸ்ஸி. புராஜெக்ட், குப்பைமேனி இலைச் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா என்பது. நம் ஊர் மைக்ரோபயாலஜி மாணவர்கள் கை வைக்காத மூலிகை இல்லை. துளசி போன வருஷம் முடிந்துவிட்டது, வேம்பு அதற்கும் முன்னால். எத்தனாலில் இறக்கிய சாற்றைச் சின்னக் காகித வில்லையில் நனைத்து, பாக்டீரியா தடவிய தட்டில் வைக்க வேண்டும். மறுநாள் வில்லையைச் சுற்றி ஒன்றும் வளராத வட்டம் விழுந்திருந்தால், ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். குப்பைமேனிக்கு 12 மில்லிமீட்டர் வந்தது. கைடுக்குச் சந்தோஷம். வழக்கப்படி, இலையே இல்லாமல் வெறும் எத்தனாலில் நனைத்த வில்லையையும் ‘கன்ட்ரோல்’ என்று ஆசாமி பக்கத்தில் வைத்திருந்தார். அதற்கு 11.

“அந்த பிளேட்டை விட்டுடுப்பா. அடுத்த வாரம் வைவா” என்றார் கைடு. ஆசாமி விடவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, வில்லைகளை நன்றாக உலர்த்தி, எத்தனால் வாடையே போன பிறகு மறுபடி வைத்துப் பார்த்தார். எத்தனாலின் வட்டம் காணாமல் போயிற்று. குப்பைமேனியின் வட்டம் 7 மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. அதில் காகித வில்லையே 6. இத்தனை நாள் தான் அளந்துகொண்டிருந்தது மூலிகையை அல்ல, காயாத எத்தனாலை என்று தெரிந்த அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. தீசிஸ் 12 மில்லிமீட்டரோடு பைண்டிங்குக்குப் போயிற்று. 7 மில்லிமீட்டர் போன் கேலரியில் கிடந்தது. எஸ்.ஓ.பி.யில் பட்டாம்பூச்சி பறந்தது.

பெங்களூர் ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். பிடித்த தலைப்பு எது என்றதும் நம்மவர் தயாராக வைத்திருந்த ‘கிரிஸ்பர்’ருக்குப் போனார். முந்தைய ஆளும் கிரிஸ்பர், அதற்கு முந்தைய ஆளும் கிரிஸ்பர் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைக்க ஆரம்பித்துவிட்டார். புராஜெக்ட் என்ன என்று ஒப்புக்குக் கேட்டார்கள். குப்பைமேனி என்றார். “கன்ட்ரோல் என்ன வெச்சீங்க?” என்று மூலையில் இருந்த அம்மா ஒரு கேள்வி போட்டார். நம்மவருக்குப் பொய் தயாராக இல்லை. இந்தக் கேள்விக்கு யூடியூபில் மாதிரிப் பதில் பார்த்திருக்கவில்லை. 11, 12, உலர்த்தினது, 7, வில்லையே 6 என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. “அப்புறம் என்ன செஞ்சிருப்பீங்க?” என்று ஐந்து பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். போர்டில் படம் போடச் சொன்னார்கள். இடையிடையே ‘தெரியாது சார்’ என்றும் சொன்னார். அதையும் யாரும் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. பெரியப்பா ஆஃபர் லெட்டரை இரண்டு முறை படித்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, ஏமாற்று வேலை இல்லை என்று சான்று கொடுத்தார்.

இப்போது லீவில் ஊருக்கு வந்தால் ஆசாமியைச் சுற்றி ஜூனியர்கள் கூட்டம். “அண்ணா, உங்க எஸ்.ஓ.பி.யை அனுப்புங்கண்ணா.” அவரும் மறுக்காமல் அனுப்புகிறார், தாத்தா தோட்டம், பட்டாம்பூச்சி சகிதம். “குப்பைமேனியை மட்டும் நொச்சின்னு மாத்திக்கோ” என்று ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 7 மில்லிமீட்டர் கதையை எழுதச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் ரிஸ்க் சார்” என்றார். “செலக்ட் ஆன ஃபார்மட். அதைப் போய் மாத்தலாமா?”