மலை உங்களுக்கு, மாநகரம் அவர்களுக்கு

பெறுநர்: இந்திய அஞ்சல் துறை, டாக் பவன், புதுடெல்லி – 110001

பொருள்: தபாலுக்கு விடுதலை வாங்கித் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023.

ஐயா,

கடிதம் கொண்டு சேர்க்கும் தனியுரிமை அரசுக்கே என்றது 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. 2024 ஜூன் 18 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அந்த வரியே இல்லை. வெள்ளைக்காரன் போட்ட விலங்கை உடைத்துவிட்டீர்கள். அதே வெள்ளைக்காரன் எழுதிய இன்னொரு வரியை, அதாவது தபாலை இடைமறித்துப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை, 9-ஆம் பிரிவில் பத்திரப்படுத்திக்கொண்டதையும் கவனித்தேன். பாரம்பரியத்தை முழுக்கக் கைவிடலாகாது அல்லவா?

தொழிற்சங்கத்தார்தான் விவரம் புரியாமல் கூச்சல் போடுகிறார்கள். தனியார்மயம் வேண்டாமென்று 2022 ஆகஸ்ட் 10 அன்று ஒருநாள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அடுத்த ஏப்ரலில், நிதி கொடுத்ததில் விதிமீறல் என்று சொல்லி தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தீர்கள். சத்தம் பாதி குறைந்திருக்கும்.

அவர்கள் வாதம்தான் என்ன? போஸ்ட்கார்டு 50 பைசா. பக்கத்துத் தெருவுக்கும் அதே, கொல்லிமலைக்கும் அதே, லடாக்குக்கும் அதே. மலைக்குக் கொண்டுபோகும் நஷ்டத்தை நகரத்து வங்கித் தபாலும் கம்பெனித் தபாலும் ஈடுகட்ட வேண்டும். லாபமுள்ள நகரத்தை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்றால், மலைக்கு யார் படியளப்பது? கேட்கிறார்கள் பாருங்கள், கணக்குத் தெரியாதவர்கள்!

கூரியர்காரர்களுக்குத்தான் நிம்மதி. முன்பெல்லாம் கடிதத்தை 'டாக்குமெண்ட்' என்று பெயர் மாற்றிக் கூச்சத்தோடு கொண்டுபோனார்கள். இனி அந்தக் கூச்சமும் வேண்டாம். மலையூர் முகவரி எழுதிய கவரை கூரியர் கவுண்டரில் நீட்டிப் பாருங்கள். தம்பி பின்கோடைத் தட்டுவார், திரையைப் பார்ப்பார், கவரைத் திருப்பித் தருவார்: "அங்கெல்லாம் நமக்கு சர்வீஸ் இல்ல சார். ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடுங்க." அந்தப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நீங்கள் கொண்டுவந்தது. எந்த ஊருக்குப் போக வேண்டாம் என்பதற்கும் அது இத்தனை உதவும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

அந்த ஊருக்குப் போகத்தான் சுமார் இரண்டரை லட்சம் கிராம அஞ்சல் ஊழியர்களை வைத்திருக்கிறீர்களே. கணக்கில் நாலைந்து மணி நேர வேலை. கிளை போஸ்ட்மாஸ்டர் என்றால் ஆபீசுக்கு இடமும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பிழைப்புக்கு வேறு வருமானம் உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுகிறீர்கள். சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ளும் நேர்மை எந்தக் கம்பெனிக்கு உண்டு?

ஒரே ஒரு விண்ணப்பம். உரிமையைப் பொதுவாக்கியதுபோல் கடமையையும் பொதுவாக்குங்கள். நகரத்தில் தபால் எடுக்கிற ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு மலையூருக்குப் போகட்டும். முடியாதென்றால், போகிறவர் கூலிக்கு ஒரு தொகை கட்டட்டும். போட்டி என்றால் எல்லோரும் ஒரே மைதானத்தில்தானே ஓட வேண்டும்?

9-ஆம் பிரிவை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன். யாராவது பிரித்துப் படித்துவிடுவார்கள். பதில் வழியில் தொலைந்தாலும் கவலையில்லை. அதற்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்றுதான் 10-ஆம் பிரிவு உங்களைக் காப்பாற்றுகிறதே.

இப்படிக்கு,
சர்வீஸ் இல்லாத பின்கோடில் வசிக்கும் குடிமகன்