வீட்டுக்கொரு கோபுரம்

பிரிட்டனில் வோடஃபோன் 2009-இல் ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. பிறகு அதற்கு ‘ஷ்யூர் சிக்னல்’ என்று நாமகரணம் நடந்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? பெட்டியை வாங்குங்கள், உங்கள் பிராட்பேண்டில் செருகுங்கள், உங்கள் கரண்ட்டில் ஓட்டுங்கள். கோபுரம் எழுப்ப வேண்டியவர் எழுப்பவில்லை. வாடிக்கையாளரே காசு கொடுத்துக் கூடத்தில் எழுப்பிக்கொண்டார். மாதக் கட்டணம் வழக்கம்போல.

அந்தப் பெட்டி வோடஃபோன் சர்வர் வரை ஐபிசெக் என்ற மறையாக்கச் சுரங்கம் தோண்டியாக வேண்டியிருந்தது. புது ஃபைபரோடு வந்த ரவுட்டரின் ஃபயர்வால் அந்தச் சுரங்கத்துக்கு வேண்டிய யுடிபி 500, 4500 போர்ட்டுகளை அடைத்துவிட்டால் தீர்ந்தது. பெட்டியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மொபைல்காரர் பிராட்பேண்ட்காரரைக் கைகாட்டுவார், அவர் ரவுட்டரைக் கைகாட்டுவார். புகாரைப் போனில்தான் சொல்ல வேண்டியிருந்தது, தெருமுனைக்குப் போய்.

எல்லாப் போர்ட்டையும் திறந்து ஜெயித்தவர்களுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. பெட்டி நம்பியிருந்தது 3ஜியை. அந்த 3ஜியையே நிறுவனம் 2024 தொடக்கத்தில் இழுத்து மூடிவிட்டது. இன்று அதே வேலையைப் பெட்டியே இல்லாமல் வைஃபை காலிங் செய்கிறது. போன் செட்டிங்ஸில் அதை ஆன் செய்துவிட்டு, பெட்டியை மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.