பொக்லைனின் முதலாளி

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் என்.எல்.சி. யாருடைய சொத்து? பெரும்பான்மைப் பங்குகள் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கின்றன. அவர் தானாக ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. அமைச்சரவை சொல்வதைத்தான் செய்ய வேண்டும், அரசியல் சாசனத்தின் 74ஆவது பிரிவு. அந்த அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பதில் சொல்ல வேண்டும், 75ஆவது பிரிவு. மக்களவைக்கு ஆள் அனுப்புகிறவர்களில் சிதம்பரம் தொகுதியின் வளையமாதேவிக்காரரும் உண்டு. ஆக, 2023 ஜூலை 26 அன்று அந்த ஊரின் பச்சை நெல்லுக்குள் இறங்கிய பொக்லைன்களுக்குப் பாடப்புத்தகப்படி முதலாளி, வரப்பில் நின்று அழுத விவசாயியேதான். தன் பயிரைத் தானே புதைத்துவிட்டு ஒப்பாரி வேறு வைக்கிறார், என்ன மனிதர்!

பதில் கேட்க வேண்டிய சபை அன்று கூடித்தான் இருந்தது. மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமரைச் சபையில் பேச வைக்க எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போக வேண்டியிருந்தது. சபாநாயகர் அதை ஏற்றதும் அதே நாளில். ஒரு மாநிலம் எரிந்தபோதே இந்தப் பாடு என்றால், சுரங்கத்துக்காக வெட்டும் பரவனாற்று வாய்க்காலுக்காக மண்ணுக்குள் போன நெல்லை யார் கேட்பது? 28ஆம் தேதி நெய்வேலியில் இதை எதிர்த்த போராட்டத்தில் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. அன்றே டெல்லியில், கூச்சலுக்கு நடுவே, சுரங்க, கனிமச் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. அது லித்தியம் போன்றவற்றுக்கு, பழுப்பு நிலக்கரிக்கு அல்ல. ஆனால் கொண்டுவந்தவரைப் பாருங்கள்: பிரகலாத் ஜோஷி. அன்றைய நிலக்கரி அமைச்சர், சுரங்க அமைச்சர், கூடவே நாடாளுமன்ற விவகார அமைச்சர். தோண்டுவதும் அவர் துறை. ஏன் தோண்டுகிறாய் என்று கேட்க வேண்டிய சபையில் அரசின் அலுவலை நடத்துவதும் அவர் துறை. இதைவிடச் சிக்கனமான ஜனநாயகம் உண்டா?

அதற்கு முன், அந்த ஆண்டு மார்ச் கடைசியில்தான் வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி என்று டெல்டா நிலங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் எழுதினார்கள். ஏப்ரலில் தமிழக முதல்வர் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 8ஆம் தேதி ஜோஷி ட்விட்டரில் விலக்கு அறிவித்தார். ஓர் அறிவிக்கை எழுதியது, ஒரு ட்வீட் அழித்தது. சபைக்கு அங்கே என்ன வேலை?

சென்னை மட்டும் யோக்கியமா? ஏப்ரலில் கடிதம் எழுதிய அரசின் போலீஸ்தான் ஜூலையில் பொக்லைனைச் சுற்றிக் காவல் நின்றது. காகிதம் டெல்லிக்கு, லத்தி வளையமாதேவிக்கு.

சிதம்பர ரகசியம் பார்க்க இனி நடராஜர் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மக்களவை கூடிய விரைவில் ஒரு துணை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆவது பிரிவு. 2019இல் அமைந்த சபை 2024இல் கலையும்வரை ஒருவரும் இல்லை. திரையை விலக்கினால் அங்கேயும் ஆகாசம்தான். தங்க வில்வ மாலைதான் குறை.

வளையமாதேவி நிலத்தை எப்போதோ கையகப்படுத்தியாகிவிட்டது என்றது என்.எல்.சி. இருக்கட்டும். அறுவடை வரை பொறுத்தால் பூமிக்கடியில் கரி ஓடியா போய்விடும்?

முதலாளி கடைசியில் தன் கம்பெனியை எதிர்த்தே உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உத்தரவானது. ஆகஸ்ட் 10 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. வளையமாதேவிக்காரர் அனுப்பிய குரலை எந்தப் பக்கத்தில் எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். குரல் வாக்கெடுப்பில் எண்ணுவதே கிடையாது.