ஊசியண்ணர்

மயிலிட்டித் துறைமுகப் பக்கம் பின்னேரத்தில் நாலு பேர் கூடுகிற இடம் எதுவானாலும் அங்கே ஓர் ஊசியண்ணர் இருப்பார். தேத்தண்ணிக் கடை வாங்கு, வாசிகசாலைத் திண்ணை, மதகு, கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் நிழல் என்று இருப்பிடம் மாறும். ஆள் மாற மாட்டார். வயது 45க்கும் 60க்கும் இடையில். முன்னொரு காலத்தில் உதைபந்தாட்டத்தில் பேர் எடுத்தவர், அல்லது பேர் எடுக்கவிருந்த நேரத்தில் முழங்கால் பிசகியவர். அதன்பிறகு காற்சட்டையை விட்டுச் சாரத்துக்கு மாறி, எல்லைக்கோட்டுக்கு வெளியே நிரந்தரக் குடியிருப்புப் பெற்றவர். அரசியலிலும் மீன் விலையிலும் மண்ணெண்ணெய் விலையிலும் எல்லாரையும் போல அவருக்கும் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அவர் பட்டம் பெற்ற துறை ஒன்றுதான். முப்பத்தைந்து தாண்டிய விளையாட்டுக்காரன் எவனாவது நன்றாக விளையாடிவிட்டால் கைத்தொலைபேசித் திரையை ஒருதரம் பார்ப்பார், உதட்டின் ஒரு பக்கத்தால் சிரிப்பார், தீர்ப்பைச் சொல்வார்: "உந்த வயசில சும்மா ஏலாது தம்பி. உவன் ஊசி." 20 வயதுப் பெடியன் சதமடித்தால் அது திறமை, 38 வயதுக்காரன் அடித்தால் அது மருந்து.

அண்ணரைப் பகிடி பண்ணுவதற்கு முன் அவருக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவர் ஆகாயத்திலிருந்து சந்தேகத்தை இறக்கவில்லை. அமெரிக்காவின் பேஸ்போலில் பரி பொண்ட்ஸ் என்பவர் 2001இல், 37 வயதான அந்த ஆண்டில், ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தார். மற்றவர்கள் மட்டையைச் சுவரில் கொழுவிவிட்டு ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில் அவர் சாதனை படைத்தார். பிறகு ஊக்கமருந்து விநியோக விசாரணை ஒன்றில் அவருடைய பெயர் இழுபட்டது. விளையாட்டு உலகம் பொய் சொன்ன சந்தர்ப்பங்கள் ஏராளம். ஆகவே சந்தேகம் கூடாது என்பதல்ல இங்கே வழக்கு. வயது போனவன் வென்றான் என்பது ஒரு கேள்வியைத் தொடக்கலாம், பதிலாக மாட்டாது என்பதுதான் வழக்கு. ஊசியண்ணரோ கேள்வியையே பதிலாக எழுதிவைத்துக்கொண்டு பரீட்சைக்கு வருகிறவர்.

அவருடைய ஆராய்ச்சி முறையைக் கவனித்தால் இது விளங்கும். வீரர் பரிசோதனையில் அகப்பட்டால், "நான் அப்பவே சொன்னனான்." அகப்படாவிட்டால், "நல்ல விலை கூடின மருந்து, காட்டாது." வீரர் மெலிந்திருந்தால் மருந்து உருக்கிவிட்டது, தடித்திருந்தால் மருந்து ஊதவைத்துவிட்டது. ஓய்வு பெற்றால் பயந்துவிட்டான், பெறாவிட்டால் துணிந்துவிட்டான். எந்தச் செய்தி வந்தாலும் தோற்காத கொள்கை இது. அப்படித் தோற்கவே முடியாத கொள்கை உலகத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. சொல்பவரைப் பற்றி மட்டும் நிறையச் சொல்கிறது.

இலங்கைத் துடுப்பாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2008இல் ஐபிஎல் தொடங்கிய முதற்பருவத்தில், 39ஐ நெருங்கிக்கொண்டிருந்த சனத் ஜெயசூரிய சென்னை அணியின் பந்துவீச்சை அடித்து நொறுக்கி ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்தார். அண்ணரின் புருவம் உயர்ந்தது. அடுத்த வருடம், 31 வயதில், அணிக்கு வெளியே கிடந்த ரங்கன ஹேரத் திரும்ப அழைக்கப்பட்டார். 2018இல் 40 வயதில் காலியில் விடைபெற்றபோது அவர் கணக்கில் 433 டெஸ்ட் விக்கெட்டுகள். அவற்றில் பெரும்பகுதி முப்பதைத் தாண்டிய பிறகு வந்தவை. பிந்திய வயதுச் சாதனைதான் குற்றத்தின் அடையாளம் என்றால் முதலில் மாட்டவேண்டியவர் ஹேரத். ஆனால் அண்ணர் அவரை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. காரணம் ஹேரத்தின் உடல்வாகு. நம்மூர்க் கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்கும் மாமாவைப் போன்ற அந்தத் தோற்றமே அவருக்கு நற்சான்றிதழ் ஆகிவிட்டது. ஆக அண்ணர் அளந்தது வயதைக்கூட அல்ல, வயிற்றை. அமெரிக்கர்களும் இதில் பெரிய திறம் இல்லை. 2022 ஜனவரியில் பேஸ்போலின் புகழ்மண்டபத்துக்குப் பத்திரிகையாளர்கள் நடத்திய வாக்கெடுப்பில் பரி பொண்ட்ஸ் தன் கடைசி வாய்ப்பையும் இழந்தார். 40 வயதில் 38 ஹோம் ரன் அடித்து 2016இல் ஓய்வுபெற்ற டேவிட் ஓர்ட்டிஸ் அதே வாக்கெடுப்பில் தெரிவானார். 2003ஆம் ஆண்டுப் பரிசோதனைப் பட்டியலில் ஓர்ட்டிஸின் பெயரும் இருந்ததாக 2009இலேயே செய்தி வெளிவந்திருந்தது. ஒருவர் பத்திரிகையாளர்களோடு முறுகிக்கொண்டு திரிந்தவர், மற்றவர் எல்லாரையும் கட்டியணைத்துச் சிரித்தவர். சந்தேகம் எங்கேயும் ஆளைப் பார்த்துத்தான் நாற்காலி போடுகிறது.

அண்ணருக்கு மிகவும் தலையிடி தரக்கூடிய சாட்சியம் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இருக்கிறது. 100 மீற்றர் இறுதியில் ஓடிய ஜமெய்க்காவின் மெர்லின் ஒட்டிக்கு வயது 40. முதல் வருடம்தான் நான்ட்ரலோன் என்ற ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் சிக்கி, பின் விடுவிக்கப்பட்டு வந்திருந்தார். 40 வயது, குற்றச்சாட்டின் வரலாறு, ஒலிம்பிக் இறுதி: ஊசியண்ணருக்கு இதைவிடக் கொழுத்த வழக்கு கிடைக்காது. அந்த ஓட்டத்தில் தங்கம் வென்றவரோ 24 வயது மரியன் ஜோன்ஸ். இளமை, சிரிப்பு, சுகதேகம். 200 மீற்றரிலும் அவருக்கே தங்கம். அதில் மூன்றாவதாக வந்தவர் நம் நாட்டின் சுசந்திகா ஜயசிங்க. அவரும் 1998இல் இதே நான்ட்ரலோன் பழிக்கு ஆளாகி விடுபட்டவர். 2007இல் மரியன் ஜோன்ஸ் தான் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். நாலாவதாக வந்த ஒட்டிக்கு வெண்கலமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும் போய்ச் சேர்ந்தன. அதே 2007இல், 31 வயதில், சுசந்திகா ஒசாகா உலகப் போட்டியிலும் வெண்கலம் வென்றார். சந்தேகிக்கப்பட்டவர்கள் இருவரும் மேலே போனார்கள். சந்தேகிக்கப்படாத இளமை கீழே வந்தது. ஒட்டியோ 52 வயதில், 2012 ஐரோப்பியப் போட்டியில், ஸ்லோவேனியாவுக்காக அஞ்சலோட்டம் ஓடினார்.

உண்மையில் பிடிபட்டவர்களின் வயதைப் பார்த்தாலும் அண்ணரின் கணக்கு இடறுகிறது. 2019இல் இருமல் மருந்துகளில் காணப்படும் தடைசெய்யப்பட்ட பொருளுக்காக எட்டு மாதம் ஒதுக்கப்பட்ட இந்திய வீரர் பிரித்வி ஷாவுக்கு 19 வயது. 2011 உலகக் கிண்ணப் பரிசோதனையில் சிக்கி மூன்று மாதத் தடை பெற்ற உபுல் தரங்கவுக்கு 26. அதுவும் தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்த வினை. இருமலும் தோள் நோவும் வராத வயது எது? 25 வயது குசல் பெரேராவின் கதை இன்னும் பெரியது. 2015இன் இறுதியில் கட்டார் ஆய்வுகூடம் ஒன்று அவருடைய மாதிரியில் தடைப்பொருள் இருப்பதாகச் சொன்னது. அவர் இடைநிறுத்தப்பட்டார், 2016 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை இழந்தார். அந்த மே மாதத்தில், அந்த முடிவு நிற்காது என்று கண்டு சர்வதேசக் கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது. கோடிக்கணக்கான பெறுமதியுள்ள கருவிகள் வைத்திருக்கும் ஆய்வுகூடத்துக்கே கை தவறும் என்றால், ஒரு பிளேன்ரீயும் இரண்டு வடையும் வைத்துக்கொண்டு நடத்தப்படும் ஆய்வுகூடத்தின் முடிவை எவ்வளவு நம்பலாம்?

இதற்கு அண்ணரிடம் மறுமொழி உண்டு, அது லேசானதும் அல்ல. "எங்களைப் போல ஆக்கள் சந்தேகப்படாட்டி உவங்கள் ஒருநாளும் பிடிபட்டிருக்க மாட்டாங்கள்" என்பார். ஆனால் பெரிய கள்வர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பார்க்க வேண்டும். சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 2012இல் வீழ்ந்தது அவரோடு ஒன்றாகச் சைக்கிள் ஓடியவர்கள் சத்தியக் கடதாசி கொடுத்ததால். அவருடைய ஏழு பட்டங்களும் 27 முதல் 33 வயதுக்குள் வந்தவை, முதுமையில் அல்ல. பொண்ட்ஸின் பெயர் இழுபட்ட விவகாரம் 2003இல் ஒரு பயிற்சியாளர் அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்த பாவித்த ஊசியோடு அம்பலமாகத் தொடங்கியது. லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகூடம் அதில் ஒட்டியிருந்த எச்சத்திலிருந்து, அதுவரை எந்தச் சோதனையிலும் அகப்படாத புதிய மருந்தைக் கண்டுபிடித்தது. உலக வரலாற்றில் ஊசியண்ணருக்கு ஓர் உண்மையான ஊசி கிடைத்த இடம் இதுதான். அங்கேயும் துரதிர்ஷ்டம்: அந்த மருந்தை நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்வார்களாம், ஊசி வெறும் கொள்கலன். ஆக சாட்சியும் கடதாசியும் இரசாயனமும் தேடிப் போன சந்தேகம் பலன் தந்தது. தேடாமலே முடிவுக்கு வந்த சந்தேகம் ஒருவரையும் பிடிக்கவில்லை. குற்றமற்றவர்களை மட்டும் கடித்தது.

"வயசு போனால் உடம்பு தளரும், அது விஞ்ஞானம்" என்பது அடுத்த மறுப்பு. தளரும்தான். ஆனால் எல்லாம் ஒரே நாளில் தளர்வதில்லை. வேகம் முதலில் போகிறது. மணிக்கட்டின் நுட்பமும், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்ற வாசிப்பும் பிந்திப் போகின்றன. மேலும், 40 வயதில் விளையாடிக்கொண்டிருப்பவர் சராசரி 40 வயதுக்காரர் அல்லர். அவரோடு தொடங்கிய நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் காயத்தாலும் சலிப்பாலும் குடும்பத்தாலும் விலகியபின் எஞ்சிய ஒருவர். விலகியவர்களை விட்டுவிட்டு எஞ்சியவரை மட்டும் பார்த்து அதிசயப்பட்டால் எந்தச் சல்லடையிலும் மருந்து தெரியும். இதற்குச் சாட்சி தேடி அண்ணர் ஒலிம்பிக்குக்குப் போகத் தேவையில்லை, தலையைத் திருப்பித் துறைமுகத்தைப் பார்த்தால் போதும். 1990 ஜூனில் போரால் மயிலிட்டி இடம்பெயர்ந்தபோது 30 வயதாக இருந்தவருக்கு, 2017 ஜூலையில் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டபோது 57 வயது. நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் அந்நியக் கரைகளிலும் கழித்த அந்த 27 வருடங்களுக்குப் பிறகும் தன் ஊர்க் கரையிலிருந்து மறுபடி வலை இழுத்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால் அண்ணரின் நெஞ்சு நிமிரும்: "அது ஒடியற்கூழ் குடிச்ச உடம்பு தம்பி!" முல்லைத்தீவு முள்ளியவளையிலிருந்து எழுபதைக் கடந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தபோதும் அவர் ஊசியைத் தேடவில்லை, குரக்கன் பிட்டைத் தேடினார். நம்மவர் பிந்திய வயதில் சாதித்தால் கூழ், பிறத்தியார் சாதித்தால் ஊசி. ஒரே உடல், ஒரே அதிசயம், இரண்டு மருந்துச் சீட்டு.

இந்த இரட்டை நீதிக்குக் காரணம் அண்ணரின் அளவுகோல். இன்றைய ஊக்கமருந்துத் தடுப்பில் உயர்மட்ட வீரர்கள் பலருக்கு ஓர் உயிரியல் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். 2009இல் நடைமுறைக்கு வந்த முறை அது. வீரரின் இன்றைய இரத்தத்தை அவருடைய நேற்றைய இரத்தத்தோடு ஒப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவரே அளவுகோல். அண்ணர் வைத்திருக்கும் கடவுச்சீட்டில் இருப்பதோ அவருடைய சொந்த முழங்கால். அது எந்த வயதில் நின்றதோ அந்த வயதில் மனித குலமே நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். 40 வயதில் ஒருவன் ஓடலாம் என்று ஒத்துக்கொண்டால், தான் ஏன் ஓடவில்லை என்ற கேள்வி தானாக வந்துவிடும். ஊசி என்ற ஒரு சொல் அந்தக் கேள்வியை வாசலிலேயே மறித்துவிடுகிறது. மறிக்கட்டும், அது அவர் பாடு. ஆனால் அந்தத் தீர்ப்பு மதகோடு நிற்பதில்லை. 40 வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்டத்துக்குச் சப்பாத்து மாட்டும் பக்கத்து வீட்டுக்காரரையும் அது தேடிப் போகிறது. இரத்தமும் சிறுநீரும் கொடுத்து ஆய்வுகூடத்தில் பெயரைக் கழுவிக்கொள்ள அவருக்கு வழியில்லை. அண்ணரின் நீதிமன்றத்தில் அவர் நிரபராதி என்று காட்ட மிஞ்சுவது ஒன்றுதான்: தோற்றுக் காட்ட வேண்டும். தோற்றாலும் தப்ப முடியாது. "வயசு போட்டுது, இன்னும் என்னத்துக்கு உதில நிக்கிறான்?" என்பார் அண்ணர்.